ஒளிந்திருக்கும் ரெஃபரன்ஸைப் பிடிப்பது எப்படி: சப்டைட்டில் எழுதும் ஒருத்தியின் குறிப்புகள்

சப்டைட்டில் எழுதும் வேலைக்கு வந்த இரண்டாவது மாதம், ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொடர் கைக்கு வந்தது. எந்தத் தொடர், யாருக்காக எழுதினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு கிழவர் சாப்பாட்டு மேசையில் சாவதுபோல நடிக்கிறார். கையிலிருந்த கண்ணாடி டம்ளர் நழுவித் தரையில் உருள்கிறது. திரை முழுக்க அவருடைய உதடு. 'ரோஸ்பட்' என்று முனகுகிறார். கூட்டம் சிரிக்கிறது. நான் 'ரோஜா மொட்டு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து கியூசி, அதாவது தரச் சரிபார்ப்பு, பார்த்தவரிடமிருந்து அந்த வரி மட்டும் சிவப்பு அடித்துத் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரே கேள்வி: 'எந்த ரோஜா?'

அது ரோஜாவே இல்லை. 1941-இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த சிட்டிசன் கேன் படத்தின் தொடக்கத்தில், ஒரு பெரும் பணக்காரர் சாகும்போது சொல்லும் கடைசிச் சொல். கையிலிருந்த கண்ணாடி உருண்டை விழுந்து உடைகிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு பத்திரிகைக்காரர் அலைவதுதான் படம். இது தெரிந்தவர்களுக்கு டம்ளர் உருளும்போதே சிரிப்பு வந்திருக்கும். நான் டம்ளரையும் கவனிக்கவில்லை, உதட்டையும் கவனிக்கவில்லை. அகராதியை மட்டும் பார்த்தேன்.

திருப்பிப் போட்டுப் பார்த்தால் எளிதில் புரியும். நார்வேக்காரர் ஒருவர் தமிழ்த் தொடருக்கு சப்டைட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஒற்றை வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்து 'இன்னொண்ணு எங்கே?' என்கிறான். 1989-இல் வந்த கரகாட்டக்காரனைப் பார்க்காத அந்த மனிதர் வாழைப்பழத்தைச் சரியாகவே மொழிபெயர்ப்பார். கவுண்டமணியும் செந்திலும் அந்த வரியில் இருக்க மாட்டார்கள்.

ஒரு படைப்பு இன்னொன்றைச் சொல்லாமல் சுட்டுவதைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறோம். அதைப் பிடிக்க, அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வழிகளை இங்கே எழுதுகிறேன். வேலைக்காகப் பழகியதுதான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து தொடர் பார்ப்பவர்களுக்கும் காமிக்ஸ் படிப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் தேட வேண்டியது படத்தையோ பாட்டையோ அல்ல, காட்சிக்கு ஒட்டாத பொருளை. எந்தக் காட்சிக்கும் ஒரு வேலை இருக்கும். அந்த வேலைக்குத் தேவையில்லாத ஏதாவது ஒன்று நடுவில் துருத்திக்கொண்டு நின்றால், அது வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். தி சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரில் 1992-இல் வந்த ஓர் எபிசோடு இதற்கு நல்ல பயிற்சி. கைக்குழந்தை மேகியை ஒரு காப்பகத்தில் விடுகிறார்கள். அங்கே பால்ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். மேகி அதை மீட்கத் திட்டம் போடுகிறாள், பிடிபடுகிறாள், தனியாக அடைக்கப்படுகிறாள். அடைபட்ட இடத்தில் உட்கார்ந்து பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடிக்கிறாள். கைக்குழந்தை செய்கிற காரியமா அது? 1963-இல் வந்த தி கிரேட் எஸ்கேப் படத்தில், ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் தனிக்கொட்டடியில் ஸ்டீவ் மக்வீன் செய்வது அது. பின்னால் ஒலிக்கும் இசையும் எல்மர் பெர்ன்ஸ்டைன் அந்தப் படத்துக்குப் போட்டதுதான்.

அதே எபிசோடில் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். குழந்தையைக் கூட்டிப்போக அப்பா ஹோமர் வருகிறார். காப்பகம் முழுக்கக் குழந்தைகள், எல்லார் வாயிலும் பால்ரப்பர், சப்புக் சப்புக்கென்ற சத்தம் மட்டும். ஹோமர் பயந்து பயந்து நடுவில் கால் வைத்து வெளியே வருகிறார். அந்த நேரத்தில் ஒரு பருத்த மனிதர் இரண்டு நாய்களோடு நடந்து போகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை, திரும்ப வருவதும் இல்லை. கதைக்கு அவர் எதற்கு? எதற்கும் இல்லை. அதனால்தான் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். தான் எடுத்த தி பேர்ட்ஸ் படத்தில் செல்லப்பிராணிக் கடையிலிருந்து இரண்டு நாய்களோடு வெளியே வருவார். அந்தப் படத்தின் முடிவில் ஒரு குடும்பம் பறவைக் கூட்டத்துக்கு நடுவே பயந்து பயந்து வெளியேறுவதைத்தான் ஹோமரும் செய்தார். நாய்க்காரரைப் பிடித்தால், பால்ரப்பர் கூட்டம் பறவைக் கூட்டம் என்பதும் கூடவே வந்து சேரும். ஒன்று கிடைத்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

எபிசோடின் தலைப்பையும் விடாதீர்கள். சிம்ப்சன்ஸில் தலைப்பு பொதுவாகத் திரையில் வராது, ஆனால் ஸ்ட்ரீமிங் பட்டியலில் இருக்கும். மேலே சொன்ன எபிசோடின் தலைப்பு 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் மார்ஜ்'. டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' என்ற நாடகப் பெயரில் ஒரு சொல்லை மாற்றி, மேகியின் அம்மா பெயரைப் போட்டிருக்கிறார்கள். தலைப்பே கைகாட்டி விடும் இடங்களில் மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு நொடிப் பின்னணி இசையை வைத்து ரஜினியின் எந்தப் படம் என்று சொல்கிற ஊர் இது, ஆகவே நமக்குப் பயிற்சி தேவையில்லை, பாடத்திட்டம்தான் வேறு. சிக்கல் என்னவென்றால், பல சமயம் அசல் இசையைப் போடாமல், அதைப் போலவே ஒன்றைப் புதிதாக அமைத்துவிடுவார்கள். பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலிகள் அங்கே கைவிரிக்கும். நான் அந்த மெட்டை முணுமுணுத்து கூகுளில் தேடுவேன். 2020-இல் அந்த வசதி வந்ததிலிருந்து என் பாதி வேலை குறைந்தது. (பேருந்தில் செய்யாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் இடம் மாறிவிடுவார்.) காது கேளாதோருக்கான ஆங்கில வசனப்பட்டையைப் போட்டுப் பார்ப்பதும் பலன் தரும். அதை எழுதுபவர் சில சமயம் பாட்டின் பெயரையே அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்.

அந்த வசனப்பட்டையில் இன்னொரு லாபம் உண்டு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். வாக்கியத்தின் நடுவில் சாதாரணச் சொல் ஒன்று பெரிய எழுத்தில் தொடங்கினால், அது யாருடைய பெயரோ எதனுடைய பெயரோ. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது என்பதால் நம் கண் இதற்குப் பழகவில்லை. 'ரோஸ்பட்' வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்து என்னை ஏமாற்றியது வேறு கதை. காமிக்ஸில் இந்த வித்தை பலிக்காது. அங்கே பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.

காமிக்ஸில் பார்க்க வேண்டியது முகம்.

எங்கள் வீடு விருதுநகர்ப் பக்கம். அண்ணன் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிவகாசி லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் சேர்ப்பவர். கௌபாய் லக்கி லூக்கும் அவன் குதிரை ஜாலி ஜம்பரும் கொள்ளைக்கார டால்டன் சகோதரர்களும் தமிழ் பேசித்தான் எங்களுக்கு அறிமுகம். லூக்கைக் காலால் வரைந்தாலும் கண்டுபிடித்துவிடலாம், இரண்டு புள்ளிதான் கண். ஆனால் சில கதைகளில் வில்லன் முகம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். கன்னத்து எலும்பு, மூக்கின் வளைவு, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் மெனக்கெட்டு வரைந்திருப்பார் ஓவியர் மோரிஸ். சின்ன வயதில் அண்ணன் அதைப் பார்த்து, 'இந்த ஆள் மட்டும் போட்டோ பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்கு பாரு' என்றார். அப்படியே உண்மை. 1972-இல் வந்த பரிசுத்தொகை வேட்டைக்காரன் கதையின் வில்லனுக்கு லீ வான் கிளீஃபின் முகம். அவர் அதற்குச் சில வருடம் முன்பு, 1965-இல், செர்ஜியோ லியோனியின் படத்தில் அதே தொழில்காரராக நடித்தவர். அதற்கும் முன்னால், 1950களில் வரைந்த ஃபில் டிஃபேர் என்ற துப்பாக்கிக்காரனுக்கு, ஷேன் படத்தில் வில்லனாக வந்த ஜாக் பாலன்ஸின் முகம். 1970-இல் வந்த சர்க்கஸ் கதையின் முதலாளிக்கு டபிள்யூ.சி.ஃபீல்ட்ஸின் மூக்கு. டால்டன்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த முட்டாள் நாய் ரின் டின் கேன்? அமெரிக்க சினிமாவின் புகழ்பெற்ற நாய் ரின் டின் டின்னைப் பெயரிலேயே கிண்டல் செய்வது. அந்த நாய் எவ்வளவு புத்திசாலி என்று தெரிந்தால்தான் இந்த நாய் எவ்வளவு முட்டாள் என்பது சரியாக உறைக்கும்.

ஆக, கூட்டத்தில் ஒரு முகம் மட்டும் கூடுதல் கவனத்தோடு வரையப்பட்டிருந்தால், அதை யாராவது ஒருவருடைய கேலிச்சித்திரமாக எண்ணிப் பாருங்கள். யாரென்று தெரியவில்லையா? முகத்தைப் படமெடுத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, கேலிச்சித்திரத்தில் கருவிகள் தடுமாறும். கதை முதலில் வெளியான வருடத்தைப் பாருங்கள். அந்த வருடத்துக்கு முந்தைய ஏழெட்டு வருடத்தில் திரையிலும் செய்தியிலும் யார் இருந்தார்கள் என்று தேடுங்கள். ரோமானியரை எதிர்த்து நிற்கும் பிரெஞ்சு காமிக்ஸ் வீரன் ஆஸ்டெரிக்ஸ் இங்கிலாந்துக்குப் போகும் கதை 1966-இல் புத்தகமாக வந்தது. அதில் பெண்கள் கூச்சலிட்டு மொய்க்கும் நான்கு பாணர்கள் யாரென்று கேட்கவே தேவையில்லை, வருடமே பீட்டில்ஸ் என்று சொல்லிவிடும். 1981 கதையில் வரும், ரோமானியருக்கு வேலை செய்யும் உளவாளிக்கு ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரியின் முகம், பெயரிலும் பூஜ்யம் பூஜ்யம் ஆறு. இது சுலபம். 1976-இல் வந்த ஒபெலிக்ஸ் அண்ட் கோ கதையில், கிராமத்தாருக்கு வியாபாரம் கற்றுக்கொடுத்துக் கெடுக்க வரும் இளம் ரோமானியப் பொருளாதார மேதை சற்றே கடினம். அவர் ழாக் ஷிராக். 1974 முதல் 1976 வரை பிரான்ஸின் பிரதமர். அன்றைய பிரெஞ்சு வாசகர் தினமும் செய்தித்தாளில் பார்த்த முகம், நமக்கு யாரோ ஒரு மூக்கு நீண்ட ரோமானியர். அதே கதையில் படைவீரர்களாக லாரலும் ஹார்டியும் வருகிறார்கள். அவர்களை நாம் விடமாட்டோம்.

மோரிஸின் லூக் கதைகள் பலவற்றுக்கும் இந்த ஆஸ்டெரிக்ஸ் கதைகள் பெரும்பாலானவற்றுக்கும் எழுத்து ஒரே ஆள், கோசினி. ஒருவர் ஒரு இடத்தில் இப்படி விளையாடுகிறார் என்று தெரிந்தால் அவருடைய மற்ற கதைகளையும் அதே கண்ணோடு புரட்டுங்கள். பழகிய கை சும்மா இருக்காது.

ஆஸ்டெரிக்ஸில் அடிக்கடி கப்பல் மூழ்கிப் பரிதவிக்கும் கடற்கொள்ளையர் கூட்டத்தை எல்லோருக்கும் தெரியும். பல வருடம் நான் அவர்களைக் கோசினியும் ஓவியர் உடெர்ஸோவும் சொந்தமாக உண்டாக்கிய பாத்திரங்கள் என்றே நினைத்திருந்தேன். பிலோத் என்ற பிரெஞ்சு வார இதழ் 1959-இல் தொடங்கியபோது முதல் இதழிலிருந்தே ஆஸ்டெரிக்ஸும் வந்தது, பார்ப்-ரூஜ் என்ற கடற்கொள்ளையர் தொடரும் வந்தது. அந்தத் தொடரின் ஆட்களைத்தான் இவர்கள் தங்கள் கதைக்குள் இழுத்துவந்து முக்கி எடுத்தார்கள். இதழ் வாங்கியவர் சில பக்கம் தள்ளிப் புரட்டினால் அசல் ஆட்களையே பார்க்கலாம். தனிப் புத்தகமாகப் படிக்கும் நமக்கு அந்தப் பக்கத்து வீடு தெரியாது. ஒரு துணுக்கு புரியாவிட்டால், அது முதலில் வந்த பத்திரிகையில் பக்கத்தில் என்ன அச்சானது, தொடரானால் அதே சேனலில் முன்னும் பின்னும் என்ன ஓடியது என்று பாருங்கள். நான் கற்ற வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பலரும் செய்யாததும் இதுதான்.

அதே கொள்ளையர்கள் ஒரு கதையில், 1967 புத்தகத்தில், உடைந்த கட்டைகளின் மேல் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கிடக்கிறார்கள். கை கால் எல்லாம் ஏதோ நாடகத்தில் போஸ் கொடுத்தது போல. காமிக்ஸில் மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காக முக்கோணமாகச் சரிய மாட்டார்கள். யாரோ ஓவியர் அடுக்கிவைத்த கோலம் அது. தியோடர் ஜெரிக்கோ 1819-இல் காட்சிக்கு வைத்த 'மெதூஸாவின் தெப்பம்', இன்று பாரிஸில் லூவ்ரில் இருக்கிறது. பிரெஞ்சுப் பதிப்பில் கப்பல் தலைவன், 'திகைத்துப்போனேன்' என்ற பொருளில், மெதூஸா என்ற பெயர் ஒளிந்திருக்கும் சொல்லைச் சொல்கிறான். ஆங்கிலத்தில் அந்தச் சிலேடை வராது. ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் ஆந்தியா பெல்லும் டெரெக் ஹாக்ரிட்ஜும் 'வி ஹேவ் பீன் ஃபிரேம்ட், பை ஜெரிக்கோ!' என்று போட்டார்கள். செய்யாத குற்றத்தில் சிக்கவைத்துவிட்டார்கள் என்றும் பொருள், படச்சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள் என்றும் பொருள், ஓவியர் பெயரும் உள்ளே. தொழில்காரி என்ற முறையில் அந்த வரியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். உங்களுக்கு இதில் உள்ள பாடம்: இரண்டு மொழிப் பதிப்பு கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கட்டத்தில் வசனம் மட்டும் அடியோடு மாறியிருந்தால், அங்கே ஒரு சிலேடையோ ரெஃபரன்ஸோ இருந்திருக்கிறது.

நடிகர் பட்டியலைப் பார்ப்பதும் சில சமயம் புதையல். 1992-இல் சைன்ஃபெல்ட் என்ற நகைச்சுவைத் தொடரின் ஓர் எபிசோடில், பேஸ்பால் வீரர் கீத் ஹெர்னாண்டஸ் தங்கள் மேல் எச்சில் துப்பினார் என்று கிரேமரும் நியூமேனும் சண்டைக்கு நிற்கிறார்கள். கதாநாயகன் ஜெர்ரி அந்த எச்சில் எந்தத் திசையில் பறந்து, யார் மேல் பட்டு, எப்படித் திரும்பி, யார் மேல் விழுந்திருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் போல விளக்குகிறார். எச்சிலுக்கு இவ்வளவு கணக்கா? கென்னடி கொலையில் ஒரே குண்டு அவரையும் ஆளுநர் கானலியையும் துளைத்தது என்ற விசாரணைக் குழுவின் முடிவை, ஆலிவர் ஸ்டோன் தன் ஜேஎஃப்கே படத்தில் நீதிமன்றத்தில் இதேபோல் கிழித்துக்காட்டியிருப்பார். படம் வந்தது 1991 டிசம்பர், எபிசோடு வந்தது இரண்டு மாதத்துக்குள். நியூமேனாக நடித்த வெய்ன் நைட்டின் பழைய படங்களைத் தேடினால்தான் முழுக் குறும்பும் தெரியும். ஜேஎஃப்கே படத்தின் அந்த நீதிமன்றக் காட்சியிலும் அவர் இருக்கிறார்.

இனி, தப்பாகப் பிடிப்பதைப் பற்றி. நிறைய பேர் கவிழ்வது இங்கேதான்.

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் போன் செய்தாள். 'அத்தை, ஹிட்ச்காக்கோட ரியர் விண்டோ பார்த்தேன். கால் உடைஞ்சு ஜன்னல்ல உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்க்கிறதெல்லாம் அப்படியே சிம்ப்சன்ஸ்!' ரியர் விண்டோ 1954. மேகியின் அண்ணன் பார்ட் கால் உடைந்து தொலைநோக்கியோடு உட்காரும் எபிசோடு 1994. நாம் எதை முதலில் பார்த்தோமோ அதுதான் அசல் என்று மனம் சாதிக்கும். அதனால் எதைப் பிடித்தாலும் இரண்டு வருடங்களை எழுதிப் பாருங்கள். பின்னால் வந்ததுதான் முன்னால் வந்ததைச் சுட்ட முடியும்.

இன்னொரு பொறி, விநோதமானதெல்லாம் ரெஃபரன்ஸ் என்று நினைப்பது. சிம்ப்சன்ஸில் 'கேப் ஃபியர்' படத்தைக் கேலி செய்யும் எபிசோடில், வில்லன் சைட்ஷோ பாப் வரிசையாக ஒன்பது முறை தோட்டத்து வாரியை மிதித்து முகத்தில் அடி வாங்குகிறார். துருத்திக்கொண்டு நிற்கிறது, இல்லையா? எந்தப் படத்தின் குறிப்பு என்று நானும் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். எபிசோடின் நீளம் போதவில்லை, நேரத்தை நிரப்ப ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அவ்வளவுதான்.

எனவே நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த நிமிடம், எது ஒட்டவில்லை, என் ஊகம் என்ன, இரண்டு வருடங்கள் என்ன. முதலில் எல்லாம் பென்சிலில். இரண்டாவது அடையாளம் ஒன்று கிடைத்தால்தான் பேனா. பந்து மட்டும் என்றால் பென்சில், பந்தும் இசையும் என்றால் பேனா. எச்சில் மட்டும் என்றால் பென்சில், எச்சிலும் வெய்ன் நைட்டும் என்றால் பேனா. படைத்தவரே சொல்லிவிட்டால் கேள்வியே இல்லை: கால்வின் அண்ட் ஹாப்ஸ் காமிக்ஸில் வரும் பையன் பெயரும் புலிப் பெயரும் ஒரு மதச் சீர்திருத்தவாதியிடமிருந்தும் ஒரு தத்துவவாதியிடமிருந்தும் வந்தவை என்பது அதை வரைந்த வாட்டர்சன் சொன்னது. என் நோட்டில் பென்சில்தான் அதிகம். பரவாயில்லை.

திரையை நிறுத்திப் பார்ப்பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கடைப் பலகை, சர்ச் அறிவிப்பு, வண்டி எண், செய்தித்தாள் தலைப்பு, இந்த நான்கையும் பார்த்தால் போதும். யூடியூபில் நிறுத்திவிட்டு காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னால், முற்றுப்புள்ளி விசைக்கு ஒரு ஃபிரேம் முன்னால். A113 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் அனிமேஷன் மாணவர்கள் படித்த வகுப்பறை எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே படித்தவர்கள் ஒருவருக்கொருவர் கைகாட்டிக்கொள்ளும் வழி அது.

அப்புறம், கண்டுபிடித்ததை யாரிடம் எப்போது சொல்வது என்று ஒன்று இருக்கிறது. சிட்டிசன் கேன் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

'எந்த ரோஜா?' கேள்வி வந்த இரவே தேட உட்கார்ந்தேன். படத்துக்கு முன்னால் கைக்கு அகப்பட்டது 1973-இல் வந்த பீனட்ஸ் காமிக்ஸின் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் துணுக்கு. லைனஸ் டிவி முன்னால் உட்கார்ந்து சிட்டிசன் கேன் பார்க்கிறான், முதல் தடவையாக. அக்கா லூஸி வருகிறாள். தான் பத்துத் தடவை பார்த்தாயிற்று என்கிறாள். போகிற போக்கில், ரோஸ்பட் என்பது அவனுடைய பனிச்சறுக்கு வண்டி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். லைனஸ் அலறுகிறான். எனக்கும் சேர்த்துத்தான் அலறினான்.

மறுநாள் சப்டைட்டிலில் 'ரோஸ்பட்...' என்றே எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த வாரக் கடைசியில் அண்ணன் வீட்டில் படத்தைப் போட்டோம். அவருக்கு முடிவு தெரியாது. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் காட்சியில் உலைத்தீயில் அந்த வண்டி எரிந்து எழுத்துகள் கருகும்போது அண்ணன் கண் கலங்கினார். எனக்கு லைனஸின் வாய்தான் நினைவுக்கு வந்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். 'எதுக்குடி சிரிக்கிற?' என்று கேட்டார். நான் போனை எடுத்து அந்தத் துணுக்கைக் காட்டினேன்.